வேலியின் இரு பக்கமும் ஒரே இருமல்

என் ராசா,

உன் கடிதம் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, மூலையெல்லாம் நனைந்து, நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். கொழும்பில் வந்து நிற்கிற சாவகச்சேரிப் பிள்ளை ஒருத்தியை உனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சு முற்றாகிற நேரத்தில் அந்தப் பிள்ளையே உன்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் போன காலத்தில் தனக்குச் சயரோகம் வந்ததென்றும், மருந்து எடுத்து இப்போது முற்றாகச் சுகம் என்றும் சொல்லியிருக்கிறாள். தெரியாமல் கட்டிவிட்டுப் பிறகு நீ மனவருத்தப்படக் கூடாது என்றும் சொன்னாளாம். கொழும்பில் நீ தங்கியிருக்கும் வீட்டு மாமா, அதுதான் என்னுடைய அண்ணர், "கசக்காரக் குடும்பத்திலை எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நீ இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று என்னைக் கேட்டிருக்கிறாய்.

ஒரு சொல்லில் பதில் எழுதிவிடலாம். எழுதினால், அது தாயின் இளகின மனசு என்று மாமா சொல்லுவார், நீயும் அதைப் பாதி நம்புவாய். அதனால் உனக்குத் தெரியாத ஒரு கதையை முழுவதுமாகச் சொல்லப் போகிறேன். அப்பா பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, "நீட்டாதை, பெடியனுக்கு வேலை வெட்டி இருக்கு" என்கிறார். அவர் சொல்லுவார். பத்து வருடமாக அடக்கி வைத்ததை நாலு வரியில் எழுத எனக்கு ஏலாது.

எண்பத்து நாலாம் ஆண்டு, நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, உன்னை உடுப்பிட்டியில் கொண்டுபோய் விடுதியில் விட்டோம். பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் இருக்க, ஏன் அவ்வளவு தூரம் என்று நீ அழுதாய். பிறகொரு நாள், "அக்காவிலைதான் உங்களுக்குப் பட்சம், என்னை வீட்டாலை கலைச்சுப் போட்டியள்" என்று சொன்னாய். படிப்புக்காகத்தான் ராசா என்று நான் சொன்னேன். படிப்புக்காக இல்லை. எனக்குச் சயரோகம் வந்திருந்தது. டாக்குத்தர் முதலில் கேட்டது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுதான்.

அக்காவை மட்டும் ஏன் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்பிள்ளையை விடுதியில் விட்டால் படிக்க வைக்கிறார்கள் என்று ஊர் மெச்சும். கலியாணம் பேசுகிற வயதில் இருக்கிற பெண்ணை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் விட்டால் ஏன், எதற்கு என்று தெரு ஒழுங்கை முழுவதும் கதை வரும். அந்தக் கதைக்குப் பயந்து அவளை அதே காற்றிலே படுக்க வைத்தோம். அவளுக்கு ஒன்றும் வராமல் போனது எங்கள் கெட்டித்தனம் இல்லை. 

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஒழுங்கை எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கொழும்பிலிருந்து கப்பலில் வந்த சனம் எல்லா வீட்டிலும் நிறைந்திருந்தது. எங்கள் இரண்டு அறை வீட்டில் சித்தப்பா குடும்பமும் சேர்ந்து, பாய் விரித்தால் கால் வைக்க இடம் இல்லை. பொழுதுபட முன்னமே யன்னல் கதவெல்லாம் பூட்டிவிடுவோம். பக்கத்து வீட்டு வளவிலும் அப்படித்தான். போதாததற்கு அவர்களுக்குப் புகையிலைக்குப் புகை போடுகிற குடில் வேறு. யாரோ ஒருவர் இருமியிருப்பார். யாரென்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டாலும் தடிமன், வெறும் சளி என்றுதான் பதில் வந்திருக்கும்.

பக்கத்து வளவுப் பூமணி அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் கதைத்திருக்க மாட்டாய். நீ சின்னனாக இருந்தபோதே அவர்களோடு எங்களுக்குப் பகை. வேலி அடைக்கிற ஒரு வருடம், கதியால் ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளிப் போட்டார்கள் என்று அப்பா சொன்னார். இல்லை, முந்தின வருடம் நாங்கள் தள்ளினோம் என்று பூமணி அக்காவின் புருசன் சொன்னார். அதோடு கதை பேச்சு நின்றது, நல்லது கெட்டதுக்குப் போவதும் நின்றது. பெண்கள் போய்வரவென்று வேலியில் விட்டிருந்த பொட்டையும், அந்தச் சின்ன வழியையும், ஓலை வைத்து இறுக்கக் கட்டிவிட்டார்கள்.

சயரோக வருத்தத்தை ஊருக்குத் தெரியாமல் வைத்திருப்பது லேசான வேலை இல்லை. தனிக் கோப்பை, தனித் தட்டு, எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். இருமல் வந்தால் உலக்கையை எடுத்து உரலில் இடிப்பேன். மாவில்லாமல் வெறும் உரலைக்கூட இடித்திருக்கிறேன். "அவள் என்ன, நாள் முழுக்க இடிக்கிறாள்" என்று முன்வீட்டுக்காரி ஒரு நாள் அக்காவிடம் கேட்டாளாம். நான் இடிக்கிற நேரமெல்லாம் பக்கத்து வளவில் கிணற்றுத் துலா கிறீச்சிடும். இவர்களுக்கென்ன இவ்வளவு தண்ணீர் தேவை என்று நினைப்பேன். பகை என்றால் அந்த வீட்டுச் சத்தமும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குப் போனால் எங்கள் ஆட்கள் யாராவது காணுவார்கள் என்று, எங்களைத் தெரியாத பருத்தித்துறைக்குப் போனேன். உடுப்பிட்டி விடுதியில் மகனைப் பார்க்கப் போகிறேன் என்று ஊருக்குச் சொன்னேன். அது பொய்யும் இல்லை. போகும் வழியில் இறங்கி உன்னைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். நீ ஓடி வருவாய். நான் பலகாரப் பையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து உன் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பேன், நீ அதற்கு மேல் கிட்ட வரக்கூடாது என்று. உன் முகம் சுருங்குவதைப் பார்த்தபடி, "நல்லாய்ப் படி" என்றுவிட்டு அடுத்த பஸ்சுக்குத் திரும்பிவிடுவேன். பஸ்சுக்குள் ஏறியிருந்து அழுவேன்.

இரண்டாவது தரமோ மூன்றாவது தரமோ, கிளினிக்கில் வாங்குப் பலகையில் இருக்கிறேன். பக்கத்தில் ஒரு மனுசி சீலைத் தலைப்பால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வந்து இருந்தாள். நானும் அப்படித்தான் மூடியிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. இருமி முடித்து அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பூமணி அக்கா. சந்நிதிக்கு நேர்த்தி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. இரண்டு பேரும் இரண்டு பஸ் மாறி, ஒருத்திக்கு ஒருத்தி தெரியக்கூடாது என்று இவ்வளவு தூரம் வந்து ஒரே வாங்கில் இருக்கிறோம்.

அவள் சீலைத் தலைப்பை வாயிலிருந்து இறக்கினாள். பிறகு அவள்தான் மெல்லக் கேட்டாள்: "நீ உரல் இடிக்கிறது இதுக்குத்தானோ?"

"நீங்கள் துலா இழுக்கிறது?"

"வேறை என்னத்துக்கு? வாளியிலை பாதி நாள் தண்ணியே இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரிக்கச் சிரிக்க இருமல். மருந்து கொடுக்கிற பிள்ளை எட்டிப் பார்த்து, "அம்மாமார், சத்தம் போடாதையுங்கோ" என்றாள். எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்த முதல் கதை அதுதான். அன்று தொடங்கி ஒரே பஸ்சில் போய் ஒரே பஸ்சில் வருவோம். சந்தியில் மட்டும் ஒருத்தி முந்தி இறங்கிவிடுவாள். புருசன்மாருக்கு எங்கள் உறவு தெரியாது. அடுப்புச் சாம்பல் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் வேலியில் கை போகிற அளவுக்கு ஓலையை நீக்கி வைத்தோம். அதனூடாக முருங்கைக்காய் வரும், நான் பொரிவிளாங்காய் கொடுப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நாலைந்து மாதம்தான் என் வருத்தம் வேகமாகச் சுகப்பட்டது. மருந்துக் குளிசை ஒரு பங்கு, பயத்தைப் பங்கிட ஒரு ஆள் கிடைத்தது ஒரு பங்கு.

அந்த நேரத்தில் பூமணி அக்காவின் மகள் வதனிக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. நல்ல இடம், மாப்பிள்ளைக்கு நல்ல வேலை. ஆனால் ஊர் பருத்தித்துறை. வேலிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து பூமணி அக்கா எனக்குச் சொன்னாள்.

"இனி நான் அங்கை போகேலாது. சம்பந்தி வீட்டார் ஆரும் கண்டால் என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை போச்சு."

"அப்ப யாழ்ப்பாணத்திலை எடுங்கோ."

"அங்கை போனால் இஞ்சை தெரியவரும். இஞ்சை தெரிஞ்சால் அங்கை போகும். எனக்கு இப்ப சுகம் போலைதான் கிடக்கு. கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க மனம் வரவில்லை. எனக்குத் தந்த குளிசையில் பாதியை நெருப்புப்பெட்டிக்குள் வைத்து அந்த ஓட்டையால் கொடுக்கத் தொடங்கினேன். அவள் வேண்டாம் என்றாள், நான் விடவில்லை. ஒரு வீட்டில் சீனி இல்லை என்றால் மற்ற வீடு ஒரு சுண்டு கொடுப்பதில்லையா, அப்படித்தான் எனக்குப் பட்டது. அவளுக்கும் கொஞ்சம், எனக்கும் கொஞ்சம், இரண்டு பேரும் தப்பிவிடுவோம் என்று நம்பினேன். பாதிக் குளிசை பாதி வருத்தத்தைக் கொல்லாது, மீதியை முரடாக்கிவிடும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும், "விசரி, என்ன செய்யிறாய்?" என்று கேட்டிருப்பார்கள். ஒளிவில் செய்கிற வேலையைத் திருத்த ஆள் இருக்காது.

ஒரு நாள் உரலடியில் இருமினேன், சீலை நனைந்தது. பார்த்தால் இரத்தம். அப்பா கார் பிடித்துக் கொண்டு ஓடினார். நடந்ததைக் கேட்டுவிட்டு டாக்குத்தர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். "அம்மா, நீங்கள் அவவுக்கு உதவி செய்யேல்லை. ரெண்டு பேரையும் சாகக் குடுக்கப் பாத்தியள். அவவை உடனை வரச் சொல்லுங்கோ" என்றார். என்னை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்து மாதக்கணக்கில் மருந்து தந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு நான் உன்னைப் பார்க்க வராததற்குக் காரணம் அதுதான். உன்னோடு உடுப்பிட்டியில் அறை எடுத்து நிற்கிறேன் என்று ஊருக்குச் சொன்னோம். அக்காவின் கலியாண அலுவலாக வீட்டில் நிற்கிறேன் என்று உனக்குச் சொன்னோம். விடுமுறைக்கு உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினோம்.

டாக்குத்தர் சொன்னதை அப்பாதான் போய்ப் பூமணி அக்காவுக்குச் சொன்னார். பகையாளி வீட்டுப் படலையை அவர் அன்றுதான் திறந்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓம் அண்ணை, கலியாணம் முடிய உடனை போறன்" என்றாளாம். கலியாணம் நடந்தது. தாலி கட்டும்போது அவள் பந்தலுக்குள் வராமல், அடுப்படி அலுவல் என்று புகைக்குள் நின்றாளாம், இருமினால் புகை என்று சொல்லலாம் என்று. அதற்குப் பிறகு அவளுக்கு எழும்பி நடக்கவே பலம் இருக்கவில்லை. நான் சுகப்பட்டு வீட்டுக்கு வந்த அடுத்த மாதம் அவள் செத்துப்போனாள். தொய்வு, மூச்சிழுப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் தொய்வு என்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எங்களையும் சொல்லியிருந்தார்கள், போனோம். கிணற்றடியில் நான் கை கழுவிக்கொண்டு நிற்க, வதனியின் மாமியார், அந்தப் பருத்தித்துறை மனுசி, பக்கத்தில் வந்தாள்.

"நீங்கள்தானே பக்கத்து வளவு? இப்ப உங்களுக்குச் சுகமோ?"

"எனக்கென்ன, நான் நல்லாய்த்தானே இருக்கிறன்."

அவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒளிக்காதையுங்கோ. கிளினிக்குக்குப் போற ரோட்டிலைதான் எங்கடை வீடு. மாசா மாசம் நீங்கள் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு போறதைப் படலையடியிலை நிண்டு கண்டிருக்கிறன். பொம்பிளை பாக்க இஞ்சை வந்த அண்டைக்கே அவவை எனக்கு மட்டுக்கட்டிப் போச்சு."

என் கையில் இருந்த வாளி கீழே இறங்கிவிட்டது. "தெரிஞ்சோ செய்தனியள்?"

"தெரிஞ்சுதான். பிள்ளையைப் பிடிச்சிருந்தது. தாய்க்கு வருத்தமெண்டால் மருந்து குடுத்தால் போச்சு, அதுக்குப் பிள்ளை என்ன செய்யும்? கலியாணம் முடிய அவவை எங்களோடை கொண்டுபோய் வைச்சு மருந்து குடுப்பம் எண்டு இவருக்கும் சொன்னனான்."

"ஏன் ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"பொம்பிளை கேட்டு வந்த வீட்டிலை அதை எப்பிடிக் கேக்கிறது? அவ வெக்கப்படுவா எண்டு விட்டன். பிறகு பாத்தால் ஆள் கிளினிக் பக்கம் வாறதே இல்லை. சுகமாயிட்டுதாக்கும் எண்டு நினைச்சன்." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ராசா, எனக்கு அந்த மனுசியில் கோபம் வரவில்லை. ஊர் பழக்கியபடிதான் அவளும் நடந்தாள். ஆனால் இதை நினைத்துப் பார். யாருக்குத் தெரியக்கூடாது என்று பூமணி அக்கா மருந்தை விட்டாளோ, அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்து, ஓம் என்று சொன்ன மனுசி அவள். அவள் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை. பூமணி அக்கா சும்மா செத்துப்போனாள். கிருமியை விட எங்கள் ஒழுங்கையின் மரியாதைதான் அவளை முடித்தது என்று நான் எங்கேயும் சொல்லுவேன்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லி அந்த வேலிப் பொட்டை வெட்டித் திறக்கச் சொன்னேன். வந்த சனத்துக்கெல்லாம், எனக்குச் சயரோகம் வந்தது, மருந்து எடுத்தேன், சுகம் என்று பச்சையாகச் சொன்னேன். அக்காவுக்குப் பொருந்தி வந்த ஒரு சம்பந்தம் அதனால் குழம்பியது. அதை உனக்கு மறைக்க மாட்டேன், அவள் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அதே கிழமை முன்வீட்டுக்காரி, உரல் சத்தம் கேட்டவள், பொழுதுபட வந்து, "அந்தக் கிளினிக்குக்கு என்னையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு போறியே?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். இப்போது எங்கள் ஒழுங்கையில் இருமுகிறவர்கள் சத்தமாகத்தான் இருமுகிறார்கள். பாதை அடைபட்டு மருந்து தட்டுப்பட்டால், யாருக்கு எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாராவது சைக்கிளில் போய் வாங்கி வருவார்கள். அக்காவுக்கும் பிறகு வந்த சம்பந்தம் எல்லாம் தெரிந்துகொண்டே வந்தது. உன் அத்தானைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

ஊருக்கெல்லாம் சொன்ன நான் உனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உன்னை ஏன் அனுப்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பில் இருக்கிற மாமாவுக்கும், உன் காதுக்கு வந்துவிடும் என்று சொல்லவில்லை. பிறகு நீயும் கொழும்புக்குப் போய்விட்டாய், வந்து நின்ற நாட்களில் உன்னோடு இதைக் கதைக்க வேண்டாம் என்று அயலட்டைச் சனத்தைக் கேட்டுக்கொண்டேன். தாய் கலைத்துவிட்டாள் என்று நீ நினைப்பது, தாய்க்குப் பயந்து ஒதுங்குவதை விட நல்லது என்று அப்போது எனக்குத் தோன்றியது. நான் எவ்வளவு மொக்கு என்று பார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பூமணி அக்கா சாகும்வரை சொல்ல முடியாமல் கிடந்த சொல்லை, அந்தச் சாவகச்சேரிப் பிள்ளை தானாக வந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அந்த வாய்க்காகவே நான் அவளை மருமகளாக எடுப்பேன். உன் வீட்டில் நாளை யாருக்கு என்ன வந்தாலும் அவள் உரல் இடித்துக்கொண்டு நிற்க மாட்டாள். நீ அவளுக்கு ஓம் என்று சொல்லப் போகிறாய் என்றால், சம்பந்தி மனுசியைப் போல மனதுக்குள் வைத்துக்கொண்டு சொல்லாதே. உன்னைப் பெற்றவளுக்கும் அதே வருத்தம் வந்து சுகமானது என்று முதலில் அவளுக்குச் சொல்லு. பிறகு இந்தக் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டு. கசக்காரக் குடும்பத்தில் சம்பந்தம் வேண்டாம் என்கிறவர், தான் கசக்காரியின் கூடப்பிறந்தவர் என்று தெரிந்துகொள்ளட்டும். கோபப்பட்டால் படட்டும், எனக்கு எழுதட்டும், நான் பதில் எழுதுகிறேன்.

பேச்சுவார்த்தை நடக்கிறது, பாதை திறக்கும் என்று இங்கே சனம் கதைக்கிறது. திறந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வா. அப்பா இப்போதே படலையைத் திருத்த வேண்டும் என்று நிற்கிறார். நீ ஒழுங்கையால் வரும்போது நான் படலையடியில் நிற்பேன். நான் கையில் ஒன்றும் வைத்திருக்க மாட்டேன், ராசா. நீ கிட்ட வா.

உன் அம்மா